ஆலையும் ஓட்டுப் பெட்டியும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் ஏழு மைல் தூரந்தான். பஸ்ஸில் ஏறி இடம் பிடித்து, கண்டக்டர் கொடுத்த சில்லறையை எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மேற்கே நீளும் மலைத் தொடரை ஒரு தடவை கண்குளிரப் பார்ப்பதற்குள் வடபத்திரசாயி கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் தலையைக் காட்ட ஆரம்பித்துவிடும். இவ்வளவு குறுகிய பிரயாணத்தில் ஒரு கட்டுரைக்கு விஷயம் கிடைக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நமக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெரியவர் கிடைக்கச் செய்துவிட்டார்.

அவர் ஒரு நூற்பாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் மஞ்சள் பை. பையில் கண் வைத்தியரின் சீட்டு. நாம் பத்திரிகைக்காரர் என்று தெரிந்ததும் தம் மனத்தில் இருந்ததைச் சொல்லத் தொடங்கினார்.

"என் பேரன் சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான், ஐயா. அவனுக்குக் கீழே இருநூறு பேர் வேலை செய்கிறார்களாம். போன மாசம் வந்தவன், வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்கப் போகிறேன் என்கிறான். 'கம்பெனியை நடத்தத் தெரிந்தவனுக்கு ஒரு தொகுதியை நடத்தத் தெரியாதா, தாத்தா?' என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?"

நமக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்தக் கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் சாப்பாட்டு வேளையில் எழுகிறது. நன்றாகப் படித்து, நல்ல சம்பளம் வாங்கி, தொழில் நிர்வாகத்தில் கைதேர்ந்த பிள்ளைகள், "ராஜ்யத்தையும் இப்படியே நடத்தினால் என்ன?" என்று கேட்கிறார்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்கு அந்தப் பிள்ளையாண்டான் சென்னையிலோ பெங்களூரிலோ அலைய வேண்டியதில்லை. அவனுடைய சொந்த ஊரும், ஏழு மைலுக்கு அப்பால் இருக்கும் பக்கத்து ஊருமே பதில் வைத்திருக்கின்றன.

ஓர் ஊர், இரண்டு ராஜாக்கள்

ராஜபாளையத்தில் ராஜாக்கள் என்போர் கிரீடம் தரித்தவர்கள் அல்ல. பல தலைமுறைகளுக்கு முன் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய சமூகத்தாரே அவ்வூரில் ராஜாக்கள். மலையடிவாரத்து மாந்தோப்பும், கிழக்கே விரிந்து கிடக்கும் கரிசல் காட்டுப் பருத்தியும் அந்த ஊருக்கு வாழ்வு அளித்தன. பருத்தி விளையும் இடத்தில் நூல் நூற்பவரும் துணி நெய்பவரும் இருப்பது இயல்பு அல்லவா? 1927-ல் கதர்ப் பிரசாரத்துக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப் பிரயாணம் செய்த காந்தியடிகள் ராஜபாளையத்துக்கும் வந்தார். ராட்டையின் சப்தம் அவ்வூர் வீடுகளில் கேட்ட காலம் அது.

அந்தக் காலத்தில் அவ்வூரில் இரண்டு வாலிபர்கள் இருந்தார்கள். ஒருவர் 1894-ல் பிறந்த ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா. மற்றவர் 1898-ல் பிறந்த ஸ்ரீ பி. எஸ். குமாரசாமி ராஜா. இருவருக்கும் வயதில் நாலு வருஷமே வித்தியாசம். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே சமூகம். ஒருவர் யந்திரத்தை நாடிப் போனார். மற்றவர் காங்கிரஸை நாடிப் போனார். ஒருவர் ஆலை கட்டினார். மற்றவர் மாகாணத்தையே ஆண்டார். தொழிலும் அரசியலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தூரம் என்பதை அளந்து பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் வேறெங்கும் கிடைப்பது அரிது.

கதிர் சுழன்ற கதை

1936-ல் ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் என்ற நூற்பாலைக் கம்பெனியை ஆரம்பித்தார். இன்று ஆலை ஆரம்பிப்பது என்றால் பாங்கியில் கடன், சர்க்காரில் சலுகை, தொலைபேசியில் ஆலோசனை என்று பல வசதிகள் உண்டு. அன்று அப்படி இல்லை. நூற்பு யந்திரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தில் விவசாய விளைபொருள்களின் விலை வீழ்ந்து, கிராமத்துக் கையில் காசு புழங்காத சமயம் அது. ஜில்லாவின் ஒரு கோடியில், மலையடிவாரத்து ஊரில், பொதுமக்களுக்குப் பங்கு விற்று ஆலை வைப்பதென்றால் அதற்கு யந்திர ஞானம் மட்டும் போதாது. "இவர் கையில் கொடுத்த பணம் வீண் போகாது" என்று ஊரார் நம்ப வேண்டும்.

பங்கு என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்தால் இது விளங்கும். பங்கு வாங்குகிறவன் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கையில் ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். ஆலை ஓடினால் லாபத்தில் பங்கு வரும். ஓடாவிட்டால் காகிதந்தான் மிச்சம். கடன் கொடுத்தவன் வழக்குப் போடலாம். பங்கு வாங்கியவன் அதுவும் செய்ய முடியாது. ஆகவே ஒரு சிற்றூரில் பங்குக் கம்பெனி நிற்பது அந்த ஊரின் நம்பிக்கையிலேயே நிற்கிறது. கம்பெனியின் முதலாளி தினந்தோறும் கடைவீதியில் தம் பங்குதாரர் முகத்தில் விழித்தாக வேண்டும்.

1939-ல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் தோன்றியது. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய சுத்தமான பஞ்சைத் தயாரிப்பது அதன் வேலை. அதே வருஷத்தில் உலக யுத்தம் மூண்டது. இன்றைக்கும் ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள சத்திரப்பட்டி முதலிய கிராமங்களில் காயக்கட்டுத் துணி நெய்வது பெரிய தொழில். தேசத்தின் எந்த மூலையிலாவது ஒரு குழந்தை மரத்திலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால், அதற்குச் சுற்றும் துணி இந்தப் பக்கத்துத் தறியில் நெய்யப்பட்டதாக இருக்கக் கூடும்.

பஞ்சோடு ராமசாமி ராஜா நின்றுவிடவில்லை. கரிசல் காட்டின் அடியில் சுண்ணாம்புக் கல் இருந்தது. சுதந்திரம் பெற்ற நாடு அணை கட்டவும் பள்ளிக்கூடம் கட்டவும் சிமெண்டு கேட்டது. 1957-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனி பதிவாயிற்று. விருதுநகருக்கு அருகில் அதன் முதல் ஆலை அமைந்த இடத்துக்கு ராமசாமிராஜா நகர் என்றே பெயர். 1962-ல் அவர் காலமானார். அவர் குமாரர் ஸ்ரீ பி. ஆர். ராமசுப்பிரமணிய ராஜா இருபத்தேழு வயதில் பொறுப்பை ஏற்று, 2017-ல் தாம் மறையும் வரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் நடத்தினார். மெட்ராஸ் சிமெண்ட்ஸ் 2013-ல் ராம்கோ சிமெண்ட்ஸ் என்று பெயர் மாறியது.

இவ்வளவும் ஆலையின் கதை. இப்போது ஓட்டுப் பெட்டியின் கதைக்கு வருவோம்.

மாகாணத்தின் பாரம்

குமாரசாமி ராஜா இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தவர். காந்தியடிகளின் வழியில் ஈடுபட்டுக் காங்கிரஸ் தொண்டராகி, படிப்படியாகச் சட்டசபைக்குச் சென்றவர். 1949-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாருக்குப் பிறகு, அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். பக்கத்து ஊரான விருதுநகரைச் சேர்ந்த ஸ்ரீ காமராஜரின் பலம் அவருக்கு இருந்தது. 1950 ஜனவரி 26-ல் புதிய அரசியல் சட்டம் அமுலுக்கு வந்ததும், "பிரதம மந்திரி" என்ற பட்டம் "முதல் மந்திரி" என்று மாறியது. அந்தச் சட்டத்தின் கீழ்ச் சென்னை ராஜ்யத்தின் முதலாவது முதல் மந்திரி ராஜபாளையத்துக்காரர் என்பதை அந்த ஊர்க் குழந்தைகள் பாடப் புஸ்தகத்துக்கு வெளியேயும் அறிந்திருக்க வேண்டும்.

அப்போதைய சென்னை ராஜ்யம் இன்றைய தமிழ்நாடு அல்ல. ஆந்திர ஜில்லாக்கள், மலையாளத்து மலபார், தென் கன்னடம் எல்லாம் அதில் அடங்கியிருந்தன. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசி வளர்ந்தவருக்கு அந்தப் பதவி பொருத்தமானதே. ஆனால் காலம் பொருத்தமாக அமையவில்லை. யுத்த காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடு இன்னும் போகவில்லை, மழை பொய்த்தது, ரேஷன் கடையில் ஜனங்கள் கால் கடுக்க நின்றார்கள். விவசாயியிடம் சர்க்கார் நெல்லைக் கொள்முதல் செய்தது; கொடுத்தவனும் முணுமுணுத்தான், வாங்கித் தின்றவனும் முணுமுணுத்தான். தனி ஆந்திர ராஜ்யம் வேண்டும் என்ற கிளர்ச்சி ஒரு பக்கம். கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிடும் சர்க்கார் உத்தரவை ஹைக்கோர்ட்டும், பிறகு 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் ரத்து செய்ததால் எழுந்த கொந்தளிப்பு மற்றொரு பக்கம். அந்தக் கொந்தளிப்பின் விளைவாக அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கே முதலாவது திருத்தம் வந்தது.

ஆலையில் பஞ்சு வரவில்லை என்றால் வேறு ஊரிலிருந்து வாங்கலாம். விலை கட்டவில்லை என்றால் ஒரு ஷிப்டை நிறுத்தலாம். ராஜ்யத்தில் மழை வரவில்லை என்றால் எந்த ஷிப்டை நிறுத்துவது? ஜனங்களின் பசிக்கு விடுமுறை விட முடியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தீர்ப்பு

1952-ம் வருஷத் துவக்கத்தில் பொதுத் தேர்தல் வந்தது. அதற்கு முன் நடந்த தேர்தல்களில் நிலம், வரி, படிப்பு ஆகிய ஏதேனும் ஒரு தகுதி உடையவர்களுக்கே ஓட்டு இருந்தது. இந்தத் தடவைதான் இருபத்தொரு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஓட்டுக் கிடைத்தது. ஆலையில் கழிவுப் பஞ்சைக் கூட்டியவளுக்கும், மாந்தோப்பில் கூடை சுமந்தவளுக்கும், கோயில் வாசலில் பூக்கட்டியவளுக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு. ஒவ்வோர் அபேட்சகருக்கும் சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி வைத்திருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தங்களுக்கு வேண்டிய சின்னத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

முதல் மந்திரி குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் நின்றார். சொந்த ஊருக்குப் பக்கத்துத் தொகுதி, சொந்த மனிதர்கள், பதவியில் இருப்பவர். ஆனாலும் அவர் தோற்றுப் போனார்!

அவர் மட்டும் தோற்கவில்லை. ஸ்ரீ பக்தவத்சலம், ஸ்ரீ கோபால ரெட்டி முதலிய மந்திரிகளும் தோற்றார்கள். 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152 தான். பிறகு ராஜாஜி வந்து மந்திரி சபை அமைத்தார். சில வாரங்களுக்குள் உணவுக் கட்டுப்பாட்டையும் நீக்கினார்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நாடு விடுதலையடைந்த சமயத்தில் சென்னை சர்க்காருக்காக உருவான முத்திரையில் ஒரு கோபுரம் இடம் பெற்றது. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றே ஜனங்கள் பரவலாக நம்பி வருகிறார்கள். மதுரைக் கோபுரம் என்று வாதிப்போரும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களின் கட்சியை நாம் ஏற்றுக்கொண்டால், எந்தக் கோபுரத்தைத் தாங்கிய முத்திரையோடு முதல் மந்திரியின் உத்தரவுகள் வெளியாயினவோ, அந்தக் கோபுரத்தின் நிழலில் வசித்த ஜனங்களே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று ஆகிறது.

இதில் ஜனங்கள் நன்றி கெட்டவர்கள் என்று சொல்வது எளிது. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். முதல் முதலாகக் கையில் ஓட்டுக் கிடைத்தவர்கள், தங்கள் அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு ஓட்டுப் போட்டார்கள். பங்குதாரர் லாபக் கணக்கைப் பார்ப்பதைப் போலத்தான் அதுவும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: கம்பெனியின் கூட்டத்தில் ஆயிரம் பங்கு உள்ளவருக்கு ஆயிரம் ஓட்டு, பத்துப் பங்கு உள்ளவருக்குப் பத்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆலை முதலாளிக்கும் ஓர் ஓட்டு; அவர் ஆலையைக் கூட்டுகிறவளுக்கும் ஓர் ஓட்டு. கம்பெனியில் அதிருப்தியடைந்த பங்குதாரர் பங்கை விற்றுவிட்டுப் போகலாம். பிரஜை தன் பங்கை விற்க முடியாது. அவன் எங்கே போவான்? ஆகையால் அவன் நிர்வாகியை மாற்றுகிறான்.

தோல்விக்குப் பிறகு குமாரசாமி ராஜா என்ன செய்தார் என்பதே அவருடைய பெருமை. 1954 முதல் 1956 வரையில் ஒரிஸ்ஸாவின் கவர்னராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். ராஜபாளையத்தில் தமது வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். 1957 மார்ச்சில் மறைந்தார். தம்மைத் தோற்கடித்த சீமையில், தம்முடைய வீட்டுக் கதவைப் பொதுஜனங்களுக்குத் திறந்து வைத்துவிட்டுப் போனவர் அவர். சென்னையில் மந்திரிகளின் பங்களாக்கள் இருக்கும் கிரீன்வேஸ் சாலைக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. மந்திரிமார்களின் மோட்டார்கள், தேர்தலில் தோற்ற ஒரு முதல் மந்திரியின் பெயரைத் தாங்கிய சாலையில்தான் தினமும் போய் வருகின்றன. அதை அவர்கள் நினைத்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் தலைமுறையும் பிறரும்

இனிப் பெரியவருடைய பேரனின் காலத்துக்கு வருவோம். ராமசாமி ராஜாவின் பேரர் ஸ்ரீ பி. ஆர். வெங்கட்ராம ராஜா, பஞ்சும் சிமெண்டும் போதும் என்று இருக்கவில்லை. 1989-ல் அவர்களுடைய குடும்பக் கம்பெனி ஒன்றின் பகுதியாகச் சாஃப்ட்வேர் தயாரிப்பு தொடங்கியது. பிறகு அது ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற தனிக் கம்பெனியாயிற்று. ஆலையில் எவ்வளவு பஞ்சு வந்தது, எவ்வளவு நூல் போனது, யாருக்குச் சம்பளம் எவ்வளவு, கிடங்கில் இருப்பு என்ன என்பதையெல்லாம் ஒரே கணக்கில் கோர்க்கும் கம்ப்யூட்டர் ஏற்பாடுகளை அது செய்தது. பின்னால் ஆகாய விமானங்களைப் பழுது பார்க்கும் கணக்கையும் எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் நம் நாட்டுச் சாஃப்ட்வேர்க் கம்பெனிகள் பெரும்பாலும் அயல்நாட்டாருக்கு வேண்டிய வேலையைச் செய்து கொடுத்துக் கூலி வாங்கின. சொந்தமாகச் சரக்குத் தயாரித்து உலகச் சந்தையில் விற்பது வேறு விஷயம். அந்த வழியில் போனதால் அந்தக் கம்பெனி பல வருஷங்கள் நஷ்டக் கணக்கும் பார்த்தது. நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருப்பதற்குப் பின்னால் பஞ்சும் சிமெண்டும் இருந்தன. தகப்பனார் மறைந்த 2017-ல் சிமெண்டுக் கம்பெனியின் தலைமையும் அவரிடம் வந்தது.

தொழிலிலிருந்து அரசியலுக்குத் தாண்டியவர்களும் உண்டு. தேசமெங்கும் தெரிந்த உதாரணம் பெங்களூர் ஸ்ரீ நந்தன் நிலகேணி. 1981-ல் இன்போசிஸ் கம்பெனியை ஆரம்பித்தவர்களுள் ஒருவர். 2009-ல் மந்திரிக்குச் சமமான அந்தஸ்தோடு ஆதார் அட்டை அமைப்பின் தலைவரானார். கோடிக்கணக்கான பிரஜைகளுக்கு எண் வழங்கும் ஏற்பாட்டை நடத்தினார். 2014-ல் அந்தப் பதவியை விட்டு, பெங்களூர் தெற்குத் தொகுதியில் பார்லிமெண்டுக்கு நின்றார். தமக்கும் தம் மனைவிக்கும் ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் சொத்து என்று பகிரங்கமாக எழுதிக் கொடுத்தார். ஒளிவு மறைவு இல்லாத மனிதர். திறமையில் குறைவு இல்லை. இரண்டேகால் லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். 2017-ல் பழைய கம்பெனி அவரைத் தலைவராகத் திரும்ப அழைத்துக்கொண்டது.

நம்முடைய ஜில்லாவிலேயே இன்னோர் உதாரணம் இருக்கிறது. சிவகாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஸ்ரீ பாண்டியராஜன், 1992-ல் மா ஃபா என்ற, ஆட்களுக்கு வேலையும் வேலைக்கு ஆட்களும் தேடிக் கொடுக்கும் கம்பெனியை ஆரம்பித்துப் பெரிதாக்கினார். 2009-ல் விருதுநகர்ப் பார்லிமெண்டுத் தொகுதியில் நின்று தோற்றார். சும்மா இருந்துவிடவில்லை, 2011-ல் அதே விருதுநகரில் சட்டசபைக்கு நின்று வென்றார். 2016-ல் கட்சி மாறி ஆவடியில் வென்று மந்திரியானார். 2021-ல் ஆவடியில் தோற்றார். வெற்றி, தோல்வி, மந்திரி பதவி, மறுபடியும் தோல்வி - பன்னிரண்டு வருஷத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் உழைத்தவனுக்குச் சம்பளமாவது ஏறியிருக்கும்.

ஆனால் பணக்காரர்தான் தோற்பார், ஏழைத் தொண்டன் தோற்கமாட்டான் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். சொந்தச் சொத்து என்று எதுவும் சேர்க்காத காமராஜர் 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ஒரு முதல் மந்திரியையும், முதல் மந்திரியாக இருந்த இன்னொருவரையும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் தோற்கடித்த சீமை இது!

பேரனுக்குச் சொல்ல வேண்டியது

சட்டப்படி பேரனுக்குத் தடை ஒன்றும் இல்லை. இருபத்தைந்து வயது நிரம்பியிருந்தால் சட்டசபைக்கு நிற்கலாம். பொதுத் தொகுதியில் பத்தாயிரம் ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். விழுந்த செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது போய்விடும். சொத்தையும் கடனையும் வழக்குகளையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்தப் பெயரில் தொழில் நடத்தி அந்தச் சர்க்காருக்கே சரக்கு விற்கும் ஒப்பந்தமோ, மராமத்து ஒப்பந்தமோ செய்திருந்தால் நிற்க முடியாது. இவை எல்லாம் காகிதத்தில் உள்ள தடைகள். வக்கீல் ஒருவர் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்.

காகிதத்தில் இல்லாத தடையைப் பற்றித்தான் நாம் பெரியவரிடம் பேசினோம். கம்பெனியில் அவன் கீழே இருநூறு பேர் இருக்கிறார்கள். தொகுதியில் அவன் கீழே யாரும் இல்லை. எல்லோருக்கும் அவன் கீழே. கம்பெனியில் வேலைக்கு ஆகாதவனை அனுப்பிவிடலாம். தொகுதியில் கிழவியையும், குடிகாரனையும், தனக்கு ஓட்டுப் போடாதவனையும் சேர்த்துத்தான் தாங்க வேண்டும். கம்பெனியில் சாமர்த்தியத்துக்கு மதிப்பு; இங்கே சாமர்த்தியத்துக்கு முன்னால் பரிச்சயத்துக்கு மதிப்பு. ராமசாமி ராஜாவின் பங்குப் பத்திரத்துக்கும் குமாரசாமி ராஜாவின் காங்கிரஸ் தொண்டுக்கும் ஆதாரம் ஒன்றுதான்: இருவரையும் ஊர் பல வருஷம் பார்த்திருந்தது. அப்படிப் பார்த்திருந்தும் 1952-ல் ஊர் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டது என்றால், பார்த்தேயிராத ஒருவனுக்கு அது எவ்வளவு தயங்கும்?

பெரியவர் நாம் சொன்னதைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நாற்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு ரிங் பிரேமில் வேலை பழக்கினவர் ஒன்று சொல்வார், ஐயா. கதிரில் இழை அறுந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும், போய் ஒட்டிவிடலாம். ஆனால் கலப்பிலே பஞ்சு தப்பாகச் சேர்ந்திருந்தால், நூலாகித் துணியாகிக் கடைக்குப் போன பிறகுதான் தெரியும் என்பார். இவன் தொழிலிலே இழை அறுந்தால் உடனே தெரியும் போலிருக்கிறது. நீங்கள் சொல்கிற தொழிலில் அஞ்சு வருஷம் கழித்துத்தான் தெரியும்."

நாம் இத்தனை பக்கத்தில் சொல்ல முயன்றதை அவர் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். "அப்படியானால் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறீர்களா?" என்று கேட்டோம்.

"வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? படித்தவன் எல்லாம் ஒதுங்கி நின்றால் யார்தான் வருவது?"

அது நியாயமான பேச்சு. ஒதுங்கி நிற்பவர்கள் நாட்டைப் பற்றிக் குறை சொல்வதற்கு அருகதையற்றவர்கள் என்பதே நம் அபிப்பிராயமும். பேரன் வேலையை விடுவதற்கு முன் இரண்டு வருஷம் மாசத்தில் நாலு நாள் ஊருக்கு வரட்டும். குடிதண்ணீர்க் குழாயில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொள்ளட்டும். ரேஷன் கடை வரிசையில் பாட்டிக்குப் பதிலாக அவன் நிற்கட்டும். தறிக்காரர்களின் கூலிக் கணக்கைக் கேட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், சட்டசபைக்கு அல்ல, முதலில் நகரசபை வார்டுக்கு நிற்கட்டும். வார்டில் தோற்றால் வெட்கம் சிறிது; கற்றுக்கொள்வது பெரிது. இதுவே நாம் சொன்ன யோசனை.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. பால்கோவா காய்ச்சும் வாசனை எதிர்கொண்டு அழைத்தது. பெரியவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். படியில் கால் வைத்தவர், திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"வார்டுக்கு நிற்கச் சொல்கிறீர்கள், சரி. ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவன் பெயரே தெரியாது. மீதிப் பேருக்கு அவன் என் பேரன் என்று தெரியும். ஆலையில் நான் ரொம்பக் கண்டிப்பான மாஸ்டர், ஐயா. அவர்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள்?"